ஏழுமலை முடிக்கும்வரை

"கெளம்பிட்டோம், கெளம்பிட்டோம், ஒரகடம் ஏறு" என்று படப்பை பஸ் நிறுத்தத்தில் ஷேர் ஆட்டோக்காரர் கூவிக்கொண்டிருந்தார். நானும் மெக்சிகோவிலிருந்து என்னோடு வந்திருந்த லூப்பேயும் அவசரமாக ஏறி உட்கார்ந்தோம். வண்டி அணைந்து கிடந்தது. சாவி அவருடைய சட்டைப்பையில் இருந்தது. இன்னும் நான்கு பேராவது சேர்ந்தால்தான் அது வெளியே வரும் என்று எனக்குத் தெரியும். லூப்பேக்குத் தெரியாது. என் முழங்கையைத் தொட்டு "கே தீஹோ?" என்றாள். ஸ்பானிஷில் என்ன சொன்னார் என்று அர்த்தம். கிளம்பிவிட்டோம் என்று சொல்கிறார் என்றேன். அவள் குனிந்து முன்சக்கரத்தைப் பார்த்தாள், பிறகு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். எதிர்ச்சீட்டில் டிபன் பையை மடியில் வைத்திருந்த பெண் போனில் யாரிடமோ, ஒரகடம் வந்துட்டேன், கேட்டாண்ட நிக்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். அதை நான் மொழிபெயர்க்கவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், நானும் அந்தச் சக்கரத்தைப் பார்த்தேன். முன்பெல்லாம் பார்த்ததில்லை. படப்பையில் பிறந்து, ஒரகடத்தில் பதினொரு வருடம் வாகன உதிரிபாகத் தொழிற்சாலையொன்றில் குவாலிட்டி பிரிவில் நின்றவள் நான். கிளம்பிட்டோம் என்றால் கிளம்பப்போகிறோம், வந்துட்டேன் என்றால் இப்போதுதான் தலை துவட்டுகிறேன் என்று காதே கணக்குப் போட்டுக்கொள்ளும். ஆறு வருடம் வேறு தேசத்தில் இருந்துவிட்டு வந்தால் காது அந்தக் கணக்கை மறந்துவிடுகிறது போலும். மறக்கிறது என்றும் சொல்ல முடியாது. கணக்குத் தெரிகிறது, ஆனால் ஒரு நொடி தாமதமாகத் தெரிகிறது. அந்த ஒரு நொடியைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன். வாசிக்கிற உங்களில் பாதிப் பேர் இந்நேரம் ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் தலைசாய்த்துப் போய்க்கொண்டிருப்பீர்கள். மறுபாதிப் பேர் என்னைப்போல் எங்கோ ஒரு தேசத்தில், யாருக்கும் சரியாக உச்சரிக்க வராத பெயரோடு இருப்பீர்கள். என் பெயருக்கு அந்தத் தொல்லை இல்லை. எஸ்தர். இங்கேயும் எஸ்தர், அங்கேயும் எஸ்தர். பெயர் ஒன்றுதான் என்னிடம் மாறாமல் இருக்கிறது.

கம்பெனி மெக்சிகோவில், கெரேத்தரோ என்ற நகரத்துப் பக்கத்தில், ஒரு கிளை திறந்தபோது யார் போகிறீர்கள் என்று கேட்டார்கள். பிள்ளைகுட்டிக்காரர்கள் தரையைப் பார்த்தார்கள். எனக்குக் கால் ஓரிடத்தில் நிற்காத வியாதி. பிடித்து நிறுத்தவும் வீட்டில் யாரும் இல்லை. நாற்பத்திரண்டு வயதில் கையைத் தூக்கினேன். அங்கே போய் இறங்கினால் ஒரகடம் மாதிரியே தகரக் கொட்டகைகள், அதே மஞ்சள் கோடுகள், அதே பிரஸ் இயந்திரங்களின் அடிவயிற்று உறுமல். வானம் மட்டும் உயரத்தில் இருந்தது. முதல் மாதம் என்னை அலைக்கழித்தது வேலை இல்லை, ஒரு வாழ்த்துதான். ஷிப்ட் முடிந்து வெளியே வரும்போது வாயிற்காவலர் தினமும் "கே தெஸ்கான்ஸே" என்பார். தெஸ்கான்ஸார் என்றால் ஓய்வெடுத்தல் என்று அகராதியில் பார்த்து வைத்திருந்தேன். என்னை ஓய்வெடு என்று உத்தரவு போட இவர் யார்? ஒரு நாள் நின்று, எனக்குக் களைப்பு ஒன்றும் இல்லை என்று விறைப்பாகச் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்துகொண்டு, சரி அம்மா, அப்படியானால் நாளைக்குப் பார்க்கலாம் என்றார்.

அதைவிடப் பெரிய கூத்து அதே மாதத்தில் நடந்தது. கடைசிப் பெட்டி பாகங்களைச் சோதித்துக்கொண்டிருந்தேன். முடிந்ததா என்று அந்த ஊர் மேற்பார்வையாளர் தூரத்திலிருந்து கேட்டார். நான் ஒரகடத்துப் பழக்கத்தில், முடித்துவிட்டேன் என்று அவர்கள் மொழியில் சொன்னேன். நம் ஊரில் அதற்கு என்ன பொருள்? கேட்டதற்கு மரியாதையாகப் பதில் வந்துவிட்டது, ஒரு பத்து நிமிடம் கழித்து வாருங்கள் என்று பொருள். அந்த மனிதர் நேராக லாரி ஓட்டுநரையும் கூட்டிக்கொண்டு வந்து என் முன்னால் நின்றார். பாதிப் பெட்டி சோதிக்காமல் கிடந்தது. மூன்று பேரும் அந்தப் பெட்டியையே பார்த்துக்கொண்டு நின்றோம். பிரஸ் இயக்குகிற லூப்பே பக்கத்து வரிசையிலிருந்து எல்லாவற்றையும் பார்த்துவிட்டு, வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். குவாதலூப்பே என்பது அவளுடைய முழுப் பெயர். முப்பது வயது இருக்கும். நிறத்திலும் முடியிலும் நம்மவள்போல் இருப்பாள்.

அன்று சாப்பாட்டு மேசையில் அவள்தான் எனக்கு ஒரு புது வினை வடிவத்தைச் சொல்லிக்கொடுத்தாள். கை துடைக்கிற காகிதத்தில் மூன்று சொற்கள் எழுதினாள். ஆப்லோ, கோமோ, பீவோ. பேசுகிறேன், சாப்பிடுகிறேன், வாழ்கிறேன். கடைசி ஓகாரத்தை வெட்டு என்றாள், வெட்டினேன். இனி ஆர் என்று முடிகிற குடும்பத்து வினைக்கு ஏ போடு. எர், இர் என்று முடிகிற குடும்பங்களுக்கு ஆ போடு. அவர் பேசுகிறார் என்றால் ஆப்லா, பேசட்டும் என்றால் ஆப்லே. சாப்பிடுகிறார் கோமே, சாப்பிடட்டும் கோமா. வாழ்கிறார் பீவே, வாழட்டும் பீவா. இந்த வீட்டு எழுத்து அந்த வீட்டுக்குப் போகிறது, அந்த வீட்டு எழுத்து இங்கே வருகிறது. பெண் கொடுத்துப் பெண் எடுக்கிற சம்பந்தம் என்று எனக்குச் சட்டென்று பிடிபட்டது. அதை அவளுக்கு விளக்கப் போய், மெக்சிகோவில் யாரும் அப்படிக் கல்யாணம் செய்வதில்லை என்று அவள் பதறிவிட்டாள்.

எப்போது போடுவது என்று கேட்டேன். இன்னும் நடக்காத போது என்றாள். ஆசைப்படும்போது, பயப்படும்போது, சந்தேகப்படும்போது, வேண்டிக்கொள்ளும்போது. ஆனால் ஒரு நிபந்தனை உண்டு. ஆசை என்னுடையதாகவும் செயல் இன்னொருவருடையதாகவும் இருக்க வேண்டும். நான் சாப்பிட வேண்டும் என்று நானே ஆசைப்பட்டால் இந்த வடிவம் வராது. நீ சாப்பிட வேண்டும் என்று நான் ஆசைப்பட்டால் வந்தாக வேண்டும். இரண்டு ஆள் இருந்தால்தான் அந்த எழுத்து மாறும். வாயிற்காவலரின் வாழ்த்து எனக்கு அப்போதுதான் விளங்கியது. விரும்புகிறேன் என்ற முன்பாதி புழக்கத்தில் தேய்ந்து உதிர்ந்துபோய், நீங்கள் ஓய்வெடுக்க வேண்டும் என்ற வால் மட்டும் நின்றிருக்கிறது. மறுநாள் அவரிடம் நானே முந்திக்கொண்டு "கே தெஸ்கான்ஸே" என்றேன். அவருக்கு அப்போதுதான் வேலை ஆரம்பம்.

அதன்பிறகு எனக்கு அது ஒரு பைத்தியமாகவே பிடித்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மொட்டைமாடியில் துணி உலர்த்தும்போது, கண்ணில் படுகிற வினையையெல்லாம் பிடித்து வாலை வெட்டி ஒட்டிப் பார்ப்பேன். படப்பையில் இருக்கிற தம்பி வீடு கட்டி முடிக்கட்டும், வல்லக்கோட்டை சாலையில் லாரிகள் மெதுவாக ஓடட்டும், என் வீட்டில் வாடகைக்கு இருக்கிற தூத்துக்குடிப் பையன்கள் வாழைமரத்துக்குத் தண்ணீர் ஊற்றட்டும். எட்டாத தூரத்தில் இருக்கிறவர்களுக்கு வேறு என்னதான் செய்ய முடியும்? நம் தமிழிலும் வரட்டும், போகட்டும் என்கிற அந்த அட்டும் இருக்கிறது. அங்கே அதற்குத் தினமும் வேலை. நாம் நல்ல நாளில் எடுத்து உடுத்துகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம். ஒரகடத்தில் ஷிப்ட் நேரத்தில், முடியட்டும் சார் என்று எவன் சொல்வான்? முடிஞ்சிடுச்சி சார் என்பான். அது பொய் இல்லை. கேட்கிறவருக்கும் தெரியும், அவர் மனதுக்குள் கொஞ்சம் கழித்துக்கொள்வார். அதில் மரியாதை இருக்கிறது, வாய்முகூர்த்தமும் இருக்கிறது. நல்லதை நடந்துவிட்டதாகவே சொன்னால் நடந்துவிடும் என்று ஒரு நம்பிக்கை.

கெரேத்தரோவுக்கு அனுப்பவேண்டிய புதிய பிரஸ் ஒன்றை ஒரகடத்தில் நிறுத்திச் சோதித்துக்கொண்டிருந்தார்கள். அதைக் கற்றுக்கொள்ள லூப்பேயை மூன்று மாதம் அனுப்பினார்கள். மொழிபெயர்க்க நான். சொந்த ஊருக்கே துபாஷியாக வந்து, கம்பெனி விருந்தினர் விடுதியில் தங்கினேன். முதல் நாளே ஏழுமலை என்னைக் கண்டுபிடித்துவிட்டான். வடக்குப்பட்டுக்காரன். நான் இங்கே இருந்தபோதே கான்ட்ராக்டில் பிட்டராகச் சேர்ந்தவன், பன்னிரண்டு வருடமாகக் கான்ட்ராக்டிலேயே இருக்கிறான். "இன்னாக்கா, செவந்துக்கினு வருவன்னு பாத்தா இன்னும் கறுத்துக்கினு வந்துகீற" என்றான். லூப்பேயிடம் அவன் கூசாமல் தமிழிலேயே பேசினான். அவளும் ஸ்பானிஷிலேயே பதில் சொல்வாள். ஸ்பேனர் வேண்டுமா, நட்டு வேண்டுமா என்பதில் இருவருக்கும் ஒரு நாளும் தகராறு வந்ததில்லை. நான் நடுவில் நின்று கொட்டாவி விட்ட நாட்களும் உண்டு.

இந்த வருடம் கான்ட்ராக்ட் ஆட்களில் சிலரைப் பெர்மனென்ட் ஆக்கப் பட்டியல் போட்டிருந்தார்கள். ஏழுமலை பெயரும் அதில் இருப்பதாக உறுதியான பேச்சு. அவன் மனைவி கஸ்தூரி வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டு கிருத்திகைதோறும் நடந்துபோய் வந்துகொண்டிருந்தாள். பட்டியல் தலைமை அலுவலகத்துக்குப் போகும்வரை ஒரு புகார், ஒரு கறுப்புப் புள்ளி இருக்கக்கூடாது. ஏழுமலை அந்த மாதம் முழுக்க ஹெல்மெட்டைக் கழற்றாமலே தண்ணீர் குடித்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை, டீ நேரத்துக்குச் சற்று முன்னால், பிரஸ்ஸின் பின்பக்கம் ஒரு சென்சாரின் ஒயர் தளர்ந்துவிட்டது. இயந்திரத்துக்குள் கை விடுகிறவர் மெயின் சுவிட்சில் தன் சிவப்புப் பூட்டைப் போட்டுவிட்டுத்தான் விட வேண்டும். சாவி அவரிடமே இருக்கும், வேறு யாராலும் ஓட்ட முடியாது. இரண்டு நிமிட வேலைதானே என்று ஏழுமலை பூட்டைப் போடவில்லை. நான் முன்பக்கம், லூப்பேயின் அருகில் நின்றேன். தூரத்திலிருந்து சூப்பர்வைசர் கையை வாயருகே குவித்து, முடிஞ்சுதா என்று கேட்டார். பின்னாலிருந்து ஏழுமலையின் குரல் வந்தது. முடிஞ்சிடுச்சி சார்.

கே தீஹோ, என்றாள் லூப்பே.

"யா தெர்மினோ" என்றேன். முடித்துவிட்டார்.

எனக்குத் தெரியும். அந்தக் குரல் குனிந்திருக்கிறவனின் குரல். அவன் இன்னும் இரும்பின்மேல் உரசிக்கொண்டிருந்த சத்தமும் என் காதில் விழுந்தது. லூப்பேயின் மொழியில் அந்த இடத்துக்கென்றே ஒரு வாக்கியம் இருக்கிறது, அதை எனக்குக் கற்றுக்கொடுத்தவளே அவள்தான். எஸ்பெரே, அஸ்தா கே தெர்மினே. அவர் முடிக்கும்வரை காத்திரு. தெர்மினார் என்பது ஆர் குடும்பத்து வினை, வாலை வெட்டி ஏ போட்டால் போதும், எந்தக் கோணலும் இல்லாத வினை. ஆறு வருடத்தில் அதை ஆயிரம் முறை சொல்லியிருப்பேன். ஆனால் ஊருக்குள் வந்து நின்ற அந்த நிமிடத்தில் காதில் விழுந்ததை அப்படியே வாயால் கொடுத்துவிட்டேன். அவர்கள் தொழிற்சாலையில் ஒரு வழக்கம் உண்டு. பழுது பார்த்தவர் இயந்திரத்துக்கு முன்னால் நடந்துவந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டுவார். பார்த்த பிறகுதான் ஓட்டுவார்கள். லூப்பே ஒரு கணம் பக்கவாட்டில் எட்டிப் பார்த்தாள், யாரும் வரவில்லை. என்னைப் பார்த்தாள். நான் ஆமென்று தலையை ஆட்டினேன். இந்த ஊரில் கை காட்டுகிற பழக்கம் இல்லை போலும் என்று நினைத்து அவள் பொத்தானை அழுத்தினாள்.

தகட்டை உள்ளே தள்ளுகிற இரும்புக் கை ஒரே ஒரு முறை நகர்ந்தது. அதற்குள் அவள் சிவப்புப் பொத்தானை அறைந்துவிட்டாள். ஏழுமலை கத்தவில்லை. பின்னாலிருந்து நடந்து வந்து, இடது கையை வலது கையால் பொத்திப் பிடித்தபடி, ஏதோ தண்ணீர் சிந்திவிட்டவன்போல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மோதிர விரலின் மேல்கணு போய்விட்டது. நடுவிரலில் தையல்.

மறுநாள் மதியம் ஆஸ்பத்திரிக்குப் போனேன். கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்திருந்தான். கஸ்தூரியை இளநீர் வாங்க அனுப்பிவிட்டு, வாசலைப் பார்த்துக்கொண்டே மெதுவாகப் பேசினான். மறுநாள் விசாரணை. பூட்டு போடாததற்கு ஒரு எச்சரிக்கை கொடுத்து விட்டுவிடுவார்கள், அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் கை உள்ளே இருக்கும்போது முடிந்துவிட்டது என்று பொய்த் தகவல் கொடுத்ததாக எழுதினால் பட்டியலில் பெயர் இருக்காது. சூப்பர்வைசர் தூரத்தில் இருந்தார், சத்தத்தில் அவர் காதில் சரியாக விழுந்ததோ என்னவோ.

"கிட்ட இருந்தவ நீதான். நான் அப்டி சொல்லவேல்லன்னு சொல்லிடுக்கா."

அப்படிச் சொன்னால் பழி முழுவதும் லூப்பே தலையில் விழும் என்றேன். யாரும் சொல்லாமல் தானாக ஓட்டினாள் என்றாகிவிடும்.

"அந்தப் பொண்ணு ஏரோப்ளேன் ஏறிப் பூடும். நீயும் பூடுவ. நான்தான்க்கா இங்க கீறவன்" என்றான். பிறகு, கோபமே இல்லாமல், "நான் இன்னா பொய்யா சொன்னேன்? பன்னெண்டு வருசமா அப்டித்தான சொல்றேன். நீயும் இங்க கீறப்ப அப்டித்தான சொன்ன" என்றான்.

இளநீர் வந்தது. எனக்கும் ஒன்று வெட்டி வாங்கி வந்திருந்தாள் கஸ்தூரி. குடித்துவிட்டு வெளியே வந்து, தாம்பரம் சாலையில் எந்தப் பக்கம் போவது என்று தெரியாமல் இரண்டு முறை சாலையைக் கடந்தேன்.

விசாரணை அறையில் மேலாளர், பாதுகாப்பு அதிகாரி, சூப்பர்வைசர் மூவரும் இருந்தார்கள். ஏழுமலையின் வாக்குமூலத்தை எழுதி வாங்கி வைத்திருந்தார்கள். முடிந்தது என்று அவன் சொல்லவே இல்லை என்று அதில் இருந்தது. சூப்பர்வைசர், ஏதோ குரல் கேட்டது, என்ன என்று சரியாக விளங்கவில்லை என்றார். அவர் ஏழுமலையைக் காப்பாற்றப் பார்க்கிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது. பிறகு லூப்பேயைக் கேட்டார்கள். அவள் மேசையைப் பார்த்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். எட்டிப் பார்க்காமல் அழுத்தியது என் தவறு. என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அதை நான் மொழிபெயர்க்க வேண்டும். மொழிபெயர்த்தேன். என்னிடம் யாரும் எதுவும் சொல்லவில்லை என்று என் வாயாலேயே தமிழில் சொன்னேன். பாதுகாப்பு அதிகாரி எழுதிக்கொண்டார். ஒருவன் தன் வேலைக்காகப் பொய் சொல்கிறான். ஒருத்தி எனக்காகப் பொய் சொல்கிறாள். இரண்டும் சேர்ந்தபோது நான் அந்தப் பிரஸ்ஸின் பக்கத்தில் நிற்கவே இல்லை என்று ஆகிவிட்டது. படிவத்திலும் என்னைப்போல் ஒரு ஆளுக்கு இடம் இல்லை. இயந்திரத்தைப் பழுது பார்த்தவர் பெயர், இயக்கியவர் பெயர், நேரில் பார்த்தவர் பெயர், அவ்வளவுதான். சொல்லைச் சுமந்து போனவர் என்று எந்தப் படிவத்தில் கட்டம் போடுவார்கள்? எழுந்து வெளியே போயிருக்கலாம். கால் அதற்குத்தான் தவித்தது. எத்தனை ஊரிலிருந்து அப்படி எழுந்து போயிருக்கிறேன்.

"சார், இப்ப நான் பேசப்போறது மொழிபெயர்ப்பு இல்ல" என்றேன். "ஏழுமலை முடிஞ்சிடுச்சின்னு சொன்னார். அதை இவங்ககிட்ட சொன்னது நான். நம்ம ஷாப்ல முடிஞ்சிடுச்சின்னா முடியப்போவுதுன்னு அர்த்தம். எனக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். இவங்களுக்குத் தெரியாது. முடிக்கிறவரைக்கும் இருன்னு நான் சொல்லியிருக்கணும்."

உங்களுக்கும் தெரியும் என்று நான் சொன்னபோது சூப்பர்வைசர் கைக்கடிகாரத்தைத் திருகத் தொடங்கியிருந்தார். மேலாளர் பேனாவை மூடி வைத்தார். அன்று காலைகூட, இதோ வந்துட்டேன் என்று போனில் சொல்லிவிட்டு அரைமணி நேரம் கழித்து வந்தவர் அவர். கடைசியில், இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று பாதுகாப்பு அதிகாரியைக் கேட்டார். தனித் தாளில் எழுதினார்கள். கையெழுத்துப் போட்டேன்.

வெளியே வந்ததும் லூப்பேயிடம் அவள் மொழியில் எல்லாவற்றையும் சொன்னேன். காதில் உரசல் கேட்டதையும் சொன்னேன். அவள் என்னை விட்டுவிட்டு முன்னால் நடந்து போய்விட்டாள், மதியச் சாப்பாட்டுக்குத்தான் என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, இங்கே முடிந்துவிட்டது என்றால் எத்தனை நிமிடம் என்று கேட்டாள். ஆளைப் பொறுத்தது, ஏழுமலை என்றால் ஐந்து, சூப்பர்வைசர் என்றால் பதினைந்து என்றேன். அவள் சிரிக்கவில்லை. சட்டைப்பையிலிருந்து குறிப்பேட்டை எடுத்து எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துவிட்டு, மேலாளர் எத்தனை என்று கேட்டாள்.

அறிக்கையில் மூவர் மேலும் தவறு எழுதினார்கள். பூட்டு போடாதவர், பார்க்காமல் இயக்கியவர், தெரிந்தும் சொல்லாதவர். என்னைத் துபாஷி வேலையிலிருந்து விடுவித்தார்கள், அடுத்த வாரமே கெரேத்தரோவுக்குத் திரும்ப வேண்டும். லூப்பே இருந்து பயிற்சியை முடிப்பாள், கெரேத்தரோவிலிருந்து வேறொருவர் போனில் மொழிபெயர்ப்பார். ஏழுமலையைப் பற்றிக் கடைசிப் பத்தியில் இருந்தது. பொய்த் தகவல் என்ற சொல் இல்லை. பணியிடப் பழக்கம் என்று எழுதியிருந்தார் மேலாளர். அவரைச் சாமான் கிடங்குப் பிரிவில் நிரந்தரமாக்கலாம் என்று பரிந்துரை. முடிவு தலைமை அலுவலகத்துடையது. அறிக்கையின் ஒரு பிரதி கெரேத்தரோவுக்கும் போக வேண்டும் என்பதால், ஸ்பானிஷில் எழுதித் தருவது எனக்கு இங்கே கடைசி வேலையானது. எல்லாப் பத்தியும் ஓடிவிட்டது. கடைசி வரியில் வந்து நின்றுவிட்டேன். கொந்த்ராத்தார், வேலைக்கு எடுத்தல். இதுவும் ஆர் குடும்பம். பரிந்துரைக்கிறோம் என்ற சொல்லுக்குப் பின்னால் அந்த மொழி ஏகாரத்தைத்தான் அனுமதிக்கும். கொந்த்ராத்தே. எடுத்துக்கொள்ளட்டும். நடந்துவிட்டதாக எழுத எவ்வளவு ஆசையாக இருந்தாலும் விரல் அங்கே ஏ போட்டது. நாற்காலியிலிருந்து நான்கு முறை எழுந்து உட்கார்ந்தேன்.

ஞாயிறு காலை வடக்குப்பட்டுக்குப் போனேன். ஏழுமலை என்னைப் பார்க்காமல் கஸ்தூரியிடம், அக்காவுக்கு நாற்காலி போடு என்றான். நான் விசாரணையில் பேசியதை அவனிடம் யாரோ சொல்லியிருந்தார்கள். சுவரோரம் உட்கார்ந்து கட்டுப் போட்ட கையை மடியில் பிடித்துக்கொண்டு, அந்தக் கையோடு மட்டும் பேசிக்கொண்டிருப்பவன்போல் இருந்தான். நான் அறிக்கையின் கடைசிப் பத்தியைச் சொன்னேன். கேட்டுக்கொண்டிருந்த கஸ்தூரி முகம் மலர்ந்து, நான் சொல்லி முடிக்கும்முன் எழுந்து வாசலுக்குப் போய், எதிர்வீட்டுக்காரியிடம் பெர்மனென்ட் ஆயிடுச்சி என்றாள். இன்னும் இல்லை, தலைமை அலுவலகம் சொல்ல வேண்டும் என்று எழுந்தேன். அதற்குள் நாலு பெண்கள் உள்ளே வந்துவிட்டார்கள். ஒருத்தி ஏழுமலையின் நல்ல கையைப் பிடித்துக் குலுக்கினாள். கஸ்தூரி ஒரகடம் கூட்டுரோட்டில் முந்தின நாளே வாங்கி வைத்திருந்த லட்டுப் பெட்டியைத் திறந்தாள். முந்தின நாளே.

"அந்த பாசைல இன்னா எழுதின?" ஏழுமலை அப்போதுதான் என்னிடம் நேராகப் பேசினான்.

"உன்ன எடுத்துக்கட்டும்னு."

"எடுத்துட்டாங்கன்னு எழுதேன்க்கா" என்றான். சிரிக்கிறானா என்று தெரியவில்லை.

கஸ்தூரி ஒரு லட்டை என் உள்ளங்கையில் வைத்தாள். எல்லாரும் தின்றுகொண்டிருந்தார்கள், ஏழுமலையும் தின்றான். நல்லது சொல்லும்போது கையில் வைத்துக்கொண்டு நிற்கக்கூடாது, வாயில போடுக்கா என்றாள் அவள். அந்த வீட்டில் வேலை கிடைத்துவிட்டது. என் கையில் இருக்கிற லட்டுக்கு மட்டும் இன்னும் கிடைக்கவில்லை. தின்றால் நானும் இந்தத் தெருக்காரி. தின்னாமல் போனால், நடக்கவில்லை நடக்கவில்லை என்று அபசகுனமாய்ச் சொல்லிவிட்டு விமானம் ஏறுகிறவள். பாதியைப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டேன். மறு பாதியை லட்டுப் பெட்டியின் காகிதத்தைக் கிழித்து மடித்து, கைப்பையில் பாஸ்போர்ட் இருந்த உள்ளறையில் வைத்தேன். ஆர்டர் வரும் அன்று, எங்கே இருந்தாலும், அதைத் தின்ன வேண்டும்.

செவ்வாய்க்கிழமை மீனம்பாக்கத்தில் வரிசையில் நின்று பாஸ்போர்ட்டை எடுத்தபோது அட்டைமேல் இரண்டு பூந்தி ஒட்டியிருந்தன. அதிகாரி பார்க்கும்முன் கட்டைவிரலால் அவற்றைத் திரும்ப உள்ளறைக்குள் தள்ளிவிட்டு நீட்டினேன். ஆர்டர் வரும்வரை எறும்பு ஏறாமல் இருக்கட்டும் என்று நினைத்துக்கொண்டேன். எந்த மொழியில் நினைத்தேன் என்று கேட்டால், சத்தியமாக, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.